அம்பத்தூர் பென்ஷனும் ஆவடி பென்ஷனும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்ந்தவரும் ஆவடி டேங்க் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவரும் ஒரே தெருவில் குடியிருப்பது மேற்குச் சென்னையில் சாதாரணம். இருவரும் ஒரே விலைக்குத்தான் சிலிண்டர் வாங்குகிறார்கள், ஒரே மருந்துக்கடைக்குத்தான் போகிறார்கள். ஆனால் ஆவடிக்காரரின் பென்ஷன் ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசியைப் பார்த்து ஏறுகிறது. அம்பத்தூர்க்காரரின் பென்ஷன் முதல் மாதம் எவ்வளவு வந்ததோ, பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய அவ்வளவே வருகிறது. இந்த வித்தியாசத்தை அவரவர் தலையெழுத்து என்றோ, சர்க்கார் வேலையின் மகிமை என்றோ சொல்லி விட்டுவிடுகிறோம். இந்தப் பகுதியின் முக்கால் நூற்றாண்டு வரலாற்றைப் பார்த்தால் அப்படி விட முடியாது. விலை ஏறும்போது கையில் வரும் பணமும் ஏற வேண்டும் என்ற நியதியைச் சென்னைத் தொழிலாளர்கள் வெகு காலத்துக்கு முன்பே போராடி வாங்கினார்கள். அது வேலையில் இருப்பவருக்குக் கிடைத்தது. வேலை ஓய்ந்த ஏழைக்குக் கிடைக்கவில்லை. மேற்குப் புறநகரின் குடும்பங்கள் இன்று பில்லைக் கண்டு கலங்குவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் வாதம்.

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் உருவானபோதே முதல் உலகப்போர் ஏற்றிவிட்ட விலைவாசி அதன் பின்னணியில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் அந்தக் குறையை ஒரு கணக்காக மாற்றியது. 1935-36-ஐ அடிப்படையாக வைத்துச் சென்னை நகரத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் கணக்கிடப்பட்டது. அந்த எண் 100-ஐத் தாண்டி ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றணா என்ற விகிதம் 1940-களின் இறுதியில் மில்களில் நிலைபெற்றது. பஞ்சப்படி என்று தொழிலாளர்கள் அதை அழைத்தார்கள். அரிசி, விறகு, மண்ணெண்ணெய், வாடகை எல்லாம் சேர்ந்து ஒரு எண்ணாகி, அந்த எண் சம்பளக் கவருக்குள் ரூபாயாக வந்து விழுந்தது. முதலாளியின் தயவோ மந்திரியின் அறிவிப்போ அதற்குத் தேவைப்படவில்லை. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் இதை மிகப் பெரிய சாதனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். அதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

மேற்கே தொழிற்சாலைகள் வந்தது இதன் பிறகுதான். 1951-இல் அம்பத்தூரில் சைக்கிள் உற்பத்தி தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில், சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்ட திடலில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1961-இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. 1960-களின் நடுவில் மாநில அரசு உருவாக்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை 1,000 ஏக்கருக்கு மேல் விரிந்தது. பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகளும் அம்பத்தூரில் டன்லப்பும் பெரிய கம்பெனிகள். அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த பட்டறைகளோ சிறியவை. பெரிய ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, பஞ்சப்படி இருந்தது. சிறு பட்டறையில் வேலை பார்த்தவருக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி ஒரு படி உண்டு. சென்னை நகரக் குறியீட்டெண்ணை வைத்து ஒவ்வொரு ஏப்ரலிலும் தொழிலாளர் துறை அதைத் திருத்துகிறது. கொடுக்காத முதலாளிகள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். சட்டத்தில் அது இருக்கிறது.

வேலை ஓய்ந்த நாளில்தான் பாதை பிரிகிறது. டேங்க் ஃபாக்டரியில் 2004-க்கு முன் சேர்ந்தவருக்கு மத்திய அரசின் பென்ஷனும் அதற்கு அகவிலை நிவாரணமும் உண்டு. 2021 அக்டோபரில் அந்த ஆலை கம்பெனியாக மாற்றப்பட்ட பிறகும், முன்பு ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் அப்படியே தொடர்கிறது. தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு 1995 நவம்பரில் வந்த பி.எஃப். பென்ஷன் திட்டம். அதன் கணக்கு எளிது: சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 2001 முதல் 2014 வரை அது 6,500 ரூபாய். 20 ஆண்டு உழைத்தவருக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேர்த்து 22 என்று வைத்துப் போட்டாலும் கிடைப்பது 2,043 ரூபாய். 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த 1,000 நகரவில்லை. 20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருந்த பட்டறைகளுக்கு பி.எஃப். சட்டமே பொருந்தாது என்பதால், அங்கே ஓய்ந்தவருக்கு இதுகூட இல்லை. அவருக்கு மிச்சம் ஓ.ஏ.பி. என்கிற முதியோர் ஓய்வூதியப் பணம் ஒன்றுதான்.

அந்த ஓ.ஏ.பி.யின் கதை தமிழ்நாட்டில் 1962 ஏப்ரலில், மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. ஆதரவற்ற முதியவருக்கு அரசு சோறு போட வேண்டும் என்று காமராஜர் காலத்தில் ஏற்றுக்கொண்டது பெரிய காரியம். ஆனால் தொகையை ரூபாயில் எழுதி வைத்தார்கள். குறியீட்டெண்ணோடு சேர்த்துக் கட்டவில்லை. பஞ்சப்படி அப்போதே மில்களில் பழகிப்போன கணக்கு. அதை இங்கேயும் கொண்டுவர யாருக்கும் தோன்றாதது அறியாமையால் என்று சொல்ல முடியாது. உரிமை வேறு, உதவி வேறு என்ற எண்ணம்தான் காரணம். அதன் விளைவை ஒரு சிலிண்டரால் அளக்கலாம். 2011-இல் முதியோர் ஓய்வூதியம் 500-லிருந்து 1,000 ரூபாய் ஆனது. அப்போது சென்னையில் மானிய விலை சிலிண்டர் 400 ரூபாய் அளவில் இருந்தது. ஆக, ஒரு மாதப் பணத்தில் இரண்டரை சிலிண்டர். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த 1,000 அசையவில்லை. 2023 ஆகஸ்டில் அது 1,200 ஆனபோது, மாதக் கடைசி வரை சென்னையில் சிலிண்டர் விலை 1,118 ரூபாய் 50 காசு. உயர்த்தப்பட்ட ஓய்வூதியத்தில் ஒரு சிலிண்டர் வாங்கினால் மிச்சம் 81 ரூபாய் 50 காசு. பிறகு சிலிண்டர் விலை இறங்கியது உண்மை; 2011-இன் விகிதம் திரும்பவில்லை. இந்த ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு இதைவிட மோசம். 2007-இல் 80 வயதுக்கு உட்பட்டவருக்கு 200 ரூபாய் கொடுத்தார்கள். இன்றும் அதே 200 ரூபாய்தான்.

தமிழ்நாட்டு ஏழை பணத்தை மட்டுமா நம்பி வாழ்கிறார், அரிசி இலவசம், 100 யூனிட் மின்சாரம் இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1967-இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசமாக 20 கிலோ என்று வந்த வழி இந்த மாநிலம் பெருமைப்பட வேண்டிய வழி. இந்த மறுப்பு என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. கிலோவில் கொடுத்தது சுருங்கவில்லை. சந்தையில் அரிசி என்ன விலை விற்றாலும் 20 கிலோ 20 கிலோதான். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்கு பஸ் கட்டணம் எவ்வளவு ஆனாலும் ஏறி உட்காரும் பெண்ணுக்கு அந்தப் பயணம் முழுசாகக் கிடைக்கிறது. ரூபாயில் கொடுத்தவை மட்டுமே தேய்ந்தன. வாடகை, சமையல் எரிவாயு, மருந்து, பேரப்பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை அந்தத் தேய்ந்த ரூபாயில்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

பொருளாகக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2016 மே முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை வீட்டு இணைப்புக்கு; குடும்பத்துக்கு அல்ல. தொழிற்பேட்டையைச் சுற்றி ஒரே காம்பவுண்டுக்குள் நாலு போர்ஷன், ஆறு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் ஏராளம். இ.பி. மீட்டர் ஒன்றுதான், உள்ளே போர்ஷனுக்கு ஒரு சப் மீட்டர். நாலு போர்ஷனும் தலா 130 யூனிட் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பாக இருந்தால் 100 கழிந்து 30 யூனிட்டுக்கு மட்டும் பணம். 2024 ஜூலைக் கட்டணப்படி நால்வருக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடியும். ஒரே மீட்டரில் 520 யூனிட்டாகச் சேரும்போது இலவசம் ஒரே ஒரு நூறு. 500-ஐத் தாண்டியதால் கீழ்ப்படிக் கட்டணச் சலுகையும் போய்விடும். பில் 2,200 ரூபாயைத் தாண்டும். அதை வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று பங்கிட்டு வசூலிக்கிறார். சொந்த வீடு இருப்பவருக்குக் கிடைக்கும் சலுகை, வாடகைக்கு இருக்கும் பென்ஷன்காரரின் வாசலோடு நின்றுவிடுகிறது. இதை மின்வாரியத்தின் இணைப்பு விதிகளைத் திருத்திச் சரிசெய்யலாம். ஓய்வூதியத்தின் தேய்மானத்தைச் சரிசெய்ய அதைக் குறியீட்டெண்ணோடு கட்டுவது தவிர வேறு வழி இல்லை.

அரசிடம் பணம் ஏது என்பதே கனமான மறுப்பு. பி.எஃப். பென்ஷன் என்பது தொழிலாளி பெயரில் முதலாளி கட்டிய பணத்திலிருந்து தரும் பென்ஷன், நிதியில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும் என்பார்கள். ஆனால் அந்த நிதிக்கு மத்திய அரசும் சம்பளத்தில் 1.16 சதவீதம் செலுத்துகிறது. குறைந்தபட்சம் 1,000 என்று அறிவித்தபோது பற்றாக்குறையையும் அதுவே ஏற்றது. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒருசில முறை பென்ஷனைச் சதவீதக் கணக்கில் உயர்த்தியும் இருக்கிறார்கள். ஆகவே கொள்கை புதிதல்ல, இடையில் கைவிடப்பட்டது. ஓ.ஏ.பி.யைப் பொறுத்தவரை, உயர்த்தாமலே வைத்திருந்து ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதும் செலவுதான். 2011-இல் அப்படித்தான் செய்தார்கள். அதுவரை காத்திருந்து இறந்துபோனவர்களுக்கு அந்த உயர்வால் பயனில்லை. ஆண்டுதோறும் சிறிதாக ஏறும் தொகையை நிதித்துறை முன்கூட்டியே கணக்கிட முடியும். ராஜஸ்தான் 2023-இல் போட்ட குறைந்தபட்ச வருமான உத்தரவாதச் சட்டம், 1,000 ரூபாய் ஓய்வூதியத்தை ஆண்டுக்கு 15 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது. அந்த விகிதம் அதிகம் என்று வாதிடலாம். எழுத முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனில் உதவித்தொகைகளை ஏப்ரல்தோறும் விலைவாசியை வைத்துத் திருத்துவது நெடுநாள் நடைமுறை.

2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையிலும் இதே தவறு நடக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் செலவழிக்கும் குடும்பம்தான் அதற்குத் தகுதி பெறும் என்று விதி வைத்தார்கள். ஆக, வீட்டு பில்லுக்கும் உதவிக்கும் உள்ள உறவு அரசுக்குத் தெரியாததல்ல. அந்தக் கவனம் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் இருக்கிறது; கொடுத்த 1,000 எத்தனை நாள் 1,000-ஆக இருக்கும் என்பதில் இல்லை. உரிமை என்று பெயர் வைத்த தொகைக்காவது உரிமைக்குரிய பாதுகாப்பு வேண்டும்.

புதிய ஆணையமோ புதிய புள்ளிவிவரமோ இதற்குத் தேவையில்லை. சென்னை நகரக் குறியீட்டெண் மாதாமாதம் வெளியாகிறது. அதை வைத்துக் குறைந்தபட்சக் கூலிக்கான படியை ஏப்ரலில் திருத்தும் ஆணையும் ஆண்டுதோறும் வருகிறது. அதே எண்ணை வைத்து, அதே ஏப்ரலில், முதியோர் ஓய்வூதியத்தையும் விதவை ஓய்வூதியத்தையும் மகளிர் உரிமைத் தொகையையும் மாநில அரசு திருத்தட்டும். மத்திய அரசு தன் ஓய்வூதியர்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் கொடுப்பதை பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கும் கொடுக்கட்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தொகுதிகளில் அடுத்து வாக்குக் கேட்டு வருபவரிடம், தொகையை எவ்வளவு ஆக்குவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஆண்டுதோறும் விலைவாசியோடு அது ஏறச் சட்டம் போடுவீர்களா என்றும் கேளுங்கள்.