மூன்றாம் பருவமும் முடியாத இரண்டாம் பருவமும்

இங்கிலாந்தில் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் இயங்கும் முதியோர் குழுக்களில் சேர வயதுச் சான்று கேட்பதில்லை. பட்டமும் கேட்பதில்லை. முழுநேர வேலையில் இல்லாதவராக இருந்தால் போதும், ஆண்டுக்கு ஒரு சிறு சந்தா கட்டிச் சேர்ந்துவிடலாம். சிவகாசிப் பட்டாசுப் பகுதியில், வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியில் இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு ஆள் சேர்க்கப் போனால் முதல் தெருவிலேயே தடுமாற வேண்டியிருக்கும். அறுபதைத் தாண்டிய பாட்டி விடிகாலையில் தூக்குவாளியோடு பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையின் வேனுக்காக நிற்பார். வேனில் ஏற முடியாத அளவுக்கு முழங்கால் போனவர் வீட்டிலேயே உட்கார்ந்து காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருப்பார். "ஓய்வு பெற்றுவிட்டீர்களா?" என்று அவர்களிடம் கேட்பது எப்படி? யாரும் அவர்களுக்குப் பிரிவு உபசார விழா நடத்தவில்லை. வேலையை விட்ட தேதி என்று ஒன்று அவர்களிடம் கிடையாது.

இந்த இரண்டு முதுமைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் யாரையும் தாழ்த்துவதாக ஆகாது. முதியவர்கள் கூடுவதும் கற்பதும் எப்படி அமைய வேண்டும் என்று நம் ஊரில் பேசும்போது, நமக்குத் தெரிந்த மாதிரிகள் எல்லாம் ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் மாதிரிகளாகவே இருக்கின்றன. அதனால்தான் இந்த ஒப்பீடு தேவைப்படுகிறது.

முதலில் அந்தப் பக்கம். 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்ற சட்டப் பேராசிரியர் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் ஓய்வுபெற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பேராசிரியர் பேசுவார், முதியவர்கள் கேட்பார்கள். 1981-இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகிய மூவரும் இதைக் கையில் எடுத்தபோது ஏற்பாட்டையே தலைகீழாக்கினார்கள். வெளியிலிருந்து ஆசிரியர் வரவேண்டாம், குழுவில் யாருக்கு எது தெரியுமோ அவர் அதைச் சொல்லித்தரட்டும், அடுத்த வாரம் அவரே வேறொருவரிடம் மாணவராக உட்காரட்டும் என்றார்கள். தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை, கற்பிப்பவருக்குச் சம்பளமும் இல்லை. 1982-இல் முதல் குழுக்கள் தோன்றின. இன்று பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள், சுமார் 4 லட்சம் உறுப்பினர்கள். லத்தீன் படிக்கிறார்கள், குடும்ப வரலாறு தேடுகிறார்கள், வாரம் ஒருநாள் சேர்ந்து நடக்கிறார்கள். குழுக்களுக்குள் ஒவ்வொரு பாடத்துக்கும் அமையும் சிறு வட்டங்கள் பல, யாராவது ஓர் உறுப்பினரின் வீட்டு முன்னறையில்தான் கூடுகின்றன.

லாஸ்லெட் குடும்பங்களின் வரலாற்றை ஆராய்ந்தவர். 1989-இல் வெளியான தன் நூலில் வாழ்க்கையை நான்கு பருவங்களாகப் பிரித்தார். பிறரைச் சார்ந்து வளர்ந்து படிக்கும் பருவம் முதலாவது. உழைத்துச் சம்பாதித்துக் குடும்பப் பொறுப்பு சுமப்பது இரண்டாவது. அந்தப் பொறுப்புகள் இறங்கிய பிறகு தனக்குப் பிடித்ததைச் செய்து நிறைவு காண்பது மூன்றாவது. மீண்டும் பிறரைச் சார்ந்து முடியும் கடைசிக் காலம் நான்காவது. தெளிவான வரைபடம்தான். ஆனால் அது ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: முதல் பருவத்தில் படிப்பு நடந்திருக்கும், இரண்டாம் பருவம் ஒருநாள் முடியும்.

தாயில்பட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்று அறுபத்தைந்தைத் தொட்டிருப்பவர்கள் எழுபதுகளில் பள்ளி வயதில் இருந்தவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் அந்த வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். இருட்டு விலகுமுன்பே ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன வண்டிகளை இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அத்தகைய பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைக்கும் தேசியத் திட்டம் 1988-இல் தொடங்கியது. சிவகாசியின் நிலையை முன்வைத்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். இந்த மூன்றும் வந்தபோது நான் சொல்கிறவர்கள் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் பருவம் முடியாததற்குக் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வருங்கால வைப்புநிதி பிடிக்கப்பட்ட தொழிலாளிக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1000 ரூபாய். சிறு ஆலைகளில் எண்ணிக்கைக் கூலிக்கு மாறி மாறி வேலை பார்த்தவர்களில் பலருக்கு அதுவும் கிடையாது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 1962-இல் தொடங்கியது. 2023-இல்தான் அது 1200 ரூபாய் ஆனது. இந்தத் தொகையில் மாத்திரைக்கும் மளிகைக்கும் ஒதுக்கியபின் எவரும் உட்கார்ந்து லத்தீன் படிக்க முடியாது. இதோடு விபத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி மகனையோ மருமகளையோ பறிகொடுத்த வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு மறுபடியும் முதியவர்கள் தோளில் ஏறுகிறது. அவர்களுக்கு இரண்டாம் பருவம் இரண்டு முறை வருகிறது.

அப்படியானால் தாயில்பட்டி முதியவர்கள் கூடுவதே இல்லையா? நன்றாகக் கூடுகிறார்கள். 2008-இல் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்த நூறு நாள் வேலை இந்தப் பகுதியில் ஏறத்தாழ ஒரு முதியோர் சங்கமாகவே செயல்பட்டுவந்தது. இளவட்டங்கள் பட்டாசுக்கும் அச்சகத்துக்கும் போய்விட, கண்மாய்க் கரையிலும் ஊரணியிலும் மண்வெட்டியோடு நின்றவர்கள் பெரும்பாலும் முதிய பெண்கள்தான். வேலைக்கு நடுவே வேப்பமரத்தடியில் உட்காரும் நேரம் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் கண்புரைக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள், உதவித்தொகை நின்றுபோனால் தாலுகா ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும், மருமகளிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது, போன வருசம் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்துபோனபோது யாருக்குக் கால் வீங்கியது என்று எல்லாம் அங்கே அலசப்படும். கேம்பிரிட்ஜ்காரர்கள் யோசித்து உருவாக்கிய விதி, அதாவது தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது, இங்கே யாரும் எழுதிவைக்காமலே நடக்கிறது. ஆண்கள் பக்கம் கோயில் வாசலிலும் டீக்கடை பெஞ்சிலும் ஆடுபுலி ஆட்டமும் நாளிதழை ஒருவர் வாசிக்க நாலுபேர் கேட்பதும் இருக்கின்றன. என் கண்ணில் பெண்களின் கூட்டமே செறிவானது. அங்கே பகிரப்படும் தகவல் அன்று மாலையே பயன்படும்.

ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கற்றல் என்று பெயர் சூட்டி நேரம் ஒதுக்குகிறார்கள். இங்கே அது கூலி வேலையின் இடுக்கில் தானாக முளைக்கிறது. வேலை நின்றால் அந்தக் கூட்டமும் கலைந்துவிடும்.

எழுத்தறிவுத் திட்டங்கள் இந்த இடத்தில்தான் உள்ளே வருகின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழகக் கிராமங்களின் தெருவிளக்கடியில் வயதுவந்தவர்களை உட்காரவைத்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அண்மையில் 'கற்போம் எழுதுவோம்' இயக்கமும், அதன்பின் 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எழுதப்படிக்கத் தெரியாத எல்லோரையும் அழைத்தன. முறையாகப் பாடநூல் உண்டு, தன்னார்வலர் உண்டு, முடிவில் தேர்வும் உண்டு.

தேர்வு என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும். கேம்பிரிட்ஜ் முறையின் பெருமையாக எல்லோரும் சொல்வது அதில் தேர்வு இல்லை என்பதை. முதுமையில் மதிப்பெண் எதற்கு, ஆசைக்காகக் கற்பதே உயர்ந்தது என்ற வாதம் கேட்க அழகாக இருக்கிறது. அந்த வாதத்தை முன்வைத்தவர்கள் யார்? லாஸ்லெட் கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர். யங் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழக எண்ணத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர். சான்றிதழை வேண்டாம் என்று ஒதுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது, ஏனென்றால் அது அவர்கள் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே தொங்கியது. 2018-இல் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். கோயில்களில் துப்புரவு வேலை பார்த்த வாழ்க்கை அவருடையது. அந்த 98 அவருக்கு வெறும் எண்ணாக இருந்திருக்காது. பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்தே பார்த்துக் கிழவியான ஒருத்திக்குத் தேர்வு அறையில் ஒரு இருக்கை கிடைப்பது, அவருக்குச் சேரவேண்டியது தாமதமாக வந்து சேர்வதுதான். ஆகவே தாயில்பட்டியில் தேர்வு வேண்டும் என்பதே என் கட்சி. தேர்ச்சி பெற்ற பாட்டிக்கு ஊர்ப் பள்ளியின் சுதந்திர தின விழாவில் மேடையேற்றிச் சான்றிதழ் தர வேண்டும்.

பாடத்தில்தான் எனக்குக் குறை. அரசுப் பாடநூல் முதியவரை எழுத்து தெரியாத ஆளாக மட்டும் பார்க்கிறது. அவரிடம் இருப்பதை அது கேட்பதில்லை. அதே முதியவர் வங்கி முகவரின் கருவியில் விரலை வைத்தால் ரேகை பதிவதில்லை. காகிதமும் பசையும் வெடியுப்பும் பட்டுத் தேய்ந்த விரல். பேரனோ பக்கத்து வீட்டுப் பையனோ கையெழுத்து, குறுஞ்செய்தி, ரகசிய எண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறான். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி படிப்பதும், கணக்கில் 1200 ஏறிய குறுஞ்செய்தியைத் தானே பார்த்துப் புரிந்துகொள்வதும்தான் அவருக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும். 'அம்மா', 'ஆடு' அதற்குப் பிறகு வரட்டும்.

இனி, அவரிடம் இருப்பது என்ன என்ற கேள்வி. இதற்கான விடை கரிசல் மண்ணிலேயே இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் பிறந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல் விவசாயம் பார்த்த கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பாட்டிமார்களும் சம்சாரிகளும் புழங்கிய சொற்களால் ஆனது அந்த அகராதி. 1989-இல், அறுபத்தைந்தைத் தாண்டிய வயதில், புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. லாஸ்லெட் கேம்பிரிட்ஜில் கூட்டம் போட்டபோது அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து முதியவர்களோடு கற்றவர் ஒருவர். முதியவர்களிடம் கற்றதை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குள் போனவர் இன்னொருவர். தாயில்பட்டிக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும்.

எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது, குதிரைவாலி எந்த மண்ணில் தப்பிப் பிழைக்கும், மல்லிக்கும் உளுந்துக்கும் எவ்வளவு மழை வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். முளைப்பாரிப் பாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அறிந்த பெண்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 முதல் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சங்கு வளையல், தக்களி, சுடுமண் பொருள்கள், ஓட்டாஞ்சில்லைத் தேய்த்துச் செய்த வட்டச்சில்லு என்று நிறையக் கிடைத்தன. பள்ளி மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போது கூடவே நாலு பாட்டிமார்களையும் அழைத்துப் போகலாம். சில்லை எப்படித் தேய்ப்பது, பாண்டி எப்படி ஆடுவது, தக்களியில் நூல் எப்படி இறங்கும் என்பதைத் தகவல் பலகையைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். அன்று யார் ஆசிரியர், யார் மாணவர் என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

காலத்தையும் இந்த ஊருக்கு ஏற்ப வைக்க வேண்டும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். மற்ற மாதங்களில் இரவு ஏழு மணிக்கு முன்னால் எந்தப் பெண்ணாலும் வர முடியாது. பகல் வகுப்பு என்று அறிவித்தால் ஓய்வூதியக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள். இடத்துக்கு ஊர்ப்புற நூலகமோ பள்ளிக் கட்டடமோ போதும். துலூஸ் முறையில் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டென்றால் இதுதான்: அங்கே பல்கலைக்கழகம் இடம் தந்ததுபோல, இங்கே கட்டடமும் விளக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளரும் அரசின் பொறுப்பில் இருப்பது. வீட்டு முன்னறையில் கூடும் கேம்பிரிட்ஜ் வழக்கம், ஒற்றை அறையில் ஐந்துபேர் படுக்கும் வீடுகளுக்கு ஒத்துவராது.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மருந்துக் கலவை அறையில் முப்பது வருசம் வேலை பார்த்து முழு உடம்போடு வெளியே வந்தவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் கலந்து முடிப்பது, ஒரு அறையில் ஆள் கூடாமல் பார்ப்பது, சிந்திய பொடியை உடனே கூட்டி எடுப்பது, உரசலுக்கு இடம் தராமல் கையை மெதுவாக நகர்த்துவது என்று அவர்கள் பழகிவைத்திருப்பது கொஞ்சமல்ல. புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சிகளில் அதிகாரியும் படக்காட்சியும் இருக்கும்போது, இவர்களில் ஒருவருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். இங்கிலாந்துக் குழுக்களில் கற்பிப்பவர் சம்பளம் வாங்குவதில்லை. ஓய்வூதியம் வருவதால் அது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. தாயில்பட்டியில் பாடம் நடத்தவரும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அன்றைய ஒருநாள் ஆலைக் கூலிக்குக் குறையாத தொகையை, நன்கொடை என்று சொல்லாமல், பயிற்றுநர் சம்பளம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கித் தர வேண்டும்.