துவக்கும் கம்மாலையும்: நாம் மறந்த கைத்தொழில்



வன்னியில் 'துவக்கு' என்றாலே நமக்கு யுத்தம்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் யுத்தத்தை விடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. துருக்கி மொழியில் 'துஃபெக்', நம் தமிழில் துப்பாக்கி, துவக்கு, சிங்களத்தில் 'துவக்குவ'. எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

போர்த்துக்கேயர் 1505இல் இங்கே வந்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கைக் கொல்லர்கள் துவக்குக் குழல் செய்வதில் பேர் எடுத்துவிட்டார்கள். 1596இல் வெளியான தன் பயண நூலில் ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், வெள்ளிபோல் மின்னும் இந்தக் குழல்களை வியந்து எழுதினார்.

இது திடீரென்று வந்த திறமை அல்ல. சமனலவெவயில் காற்றின் வேகத்தாலேயே எரிந்த இரும்பு உலைகள் ஆயிரம் வருடங்களுக்கு மேல் பழமையானவை. 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதும்போது 'சரந்தீப்' வாள்களையும் குறிப்பிட்டார். சரந்தீப் நம் நாடுதான்.

வாய்வழியாக மருந்தும் ரவையும் போட்டு, கோலால் இடித்து இறுக்குவதால்தான் நம் ஊரில் 'இடியன்' என்கிறோம். அந்தக் காலத்தில் இதன் குழலைக் கடையில் வாங்க முடியாது. இரும்புத் தகட்டைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி அடித்துப் பொருத்த வேண்டும். பிறகு உள்பக்கத்தை நீண்ட துளைகருவியால் கடைந்து வழவழப்பாக்க வேண்டும். குழல் நேராக இருக்கிறதா என்று உள்ளே நூலை இழுத்துக் கட்டிப் பார்ப்பது பழைய வழக்கம்.

இதற்கான ஆயுதங்களையும் கொல்லரே செய்துகொண்டார். குறடு, உளி, துறப்பணம் எல்லாம் அவர் உலையில் பிறந்தவை. துவக்குச் செய்வதற்கு முன், துவக்குச் செய்யும் கருவியைச் செய்யத் தெரிய வேண்டும். உண்மையான கல்வி அங்கேதான் இருந்தது.

1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்ட பீரங்கியோடு இரண்டு 'மகா துவக்கு'களும் 2023இல்தான் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. நம் மண்ணிலும் 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பீரங்கியைக் கைப்பற்றினான். அதே வருடம் கற்சிலைமடுவில் தோற்றான். 1815இல் கண்டியும் வீழ்ந்தது. ஆதரித்த அரசு போனதும் கொல்லரின் அந்தப் பெரிய வேலையும் போனது.

மிஞ்சியது என்ன? காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கட்டப்படும் கட்டுத்துவக்கு. பன்றிக்கு வைத்தது விறகு பொறுக்கப் போனவரின் காலைப் பறிக்கிறது, யானையை நடக்க முடியாமல் முடமாக்குகிறது. அனுமதியில்லாத துவக்கு 1916ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். பயிரைக் காக்க வேண்டும் என்ற விவசாயியின் கஷ்டம் நமக்குப் புரியும். ஆனால் ஒரு கட்டுத்துவக்கு யார் வருகிறார் என்று பார்த்துச் சுடுவதில்லை.

உறவுகளே, காட்டில் அப்படி ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், உடனே பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். மாணவர்களுக்கு ஒரு வேலை: உங்கள் ஊரில் கம்மாலை இன்னும் இருந்தால் போய்ப் பாருங்கள். மண்வெட்டியும் கத்தியும் அடிக்கும் அந்த ஐயாவிடம், "இந்தக் குறட்டை யார் செய்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.