அடக்குமுன் ஒரு பிரதி

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சோனகத் தெரு வீடுகளில் விட்டுவந்த கிதாபுகளுக்கும் உறுதிகளுக்கும் கடிதங்களுக்கும் கணக்கு ஏது?

2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்துத் தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து காசில்லாமல் வாசிக்கத் தருகிறது. முஸ்லிம் சஞ்சிகைகள் பலவும் அதிலுண்டு. புத்தளத்துப் பிள்ளையொன்று இன்று கொழும்புக்குப் போகாமலே அவற்றைப் படிக்கலாம்.

ஆனால் அறபுத்தமிழ்க் கிதாபைப் படமெடுத்துப் போட்டால் மட்டும் போதாது. பெயர், ஆசிரியர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழெழுத்தில் பதியாவிட்டால் தேடுகிறவருக்கு அது அகப்படாது. அதைப் பார்த்துச் சொல்லக்கூடிய உம்மும்மாமார் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். ஆகவே ஒவ்வொரு மத்ரஸாவிலும் இரண்டு பிள்ளைகளுக்காவது அந்த எழுத்தைப் பழக்க வேண்டும் என்பேன்.

"பழைய கிதாபுதானே, இனி ஆரு வாசிக்கிற?" என்று வீடுகளில் கேட்கிறார்கள். கிழிந்த ஏடுகளை அடக்குவதும் கடலில் விடுவதும் நமது மரியாதை. அதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைப்பதும் மரியாதைதானே.