கெல்லி ஹோம்ஸ்

கெல்லி ஹோம்ஸ் பிரிட்டனைச் சேர்ந்த நடுத்தர தூர ஓட்ட வீராங்கனை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர், 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள பெம்பரியில் 1970 ஏப்ரல் 19 அன்று பிறந்தார். பள்ளி நாட்களிலேயே ஓட்டத்தில் சிறந்து விளங்கினாலும், 1988இல் ராணுவத்தில் சேர்ந்து லாரி ஓட்டுநராகவும் பின்னர் உடற்பயிற்சி ஆசிரியராகவும் பணியாற்றினார்.

1994 காமன்வெல்த் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் பெற்றார். அடுத்த ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டரில் வெள்ளியும் 800 மீட்டரில் வெண்கலமும் கிடைத்தன. தொடர்ந்து வந்த காயங்கள் பல ஆண்டுகளைப் பாழாக்கின. ஆயினும் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 800 மீட்டர் வெண்கலத்தை வென்றார்.

ஏதென்ஸில் 800 மீட்டர் இறுதியின்போது அவருக்கு வயது 34. தொடக்கத்தில் பின்தங்கியே ஓடியவர், கடைசி நேரான பகுதியில் முந்தி 1 நிமிடம் 56.38 வினாடியில் எல்லையைத் தொட்டார். இரண்டாம் இடத்துடன் இடைவெளி 0.05 வினாடியே. வென்றது தாம்தானா என்ற ஐயத்தில் கண்கள் விரிய அவர் நின்ற காட்சி புகழ்பெற்றது. ஐந்து நாள் கழித்து 1500 மீட்டரை 3 நிமிடம் 57.90 வினாடியில் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரண்டையும் வென்ற பிரிட்டானியர் அவருக்கு முன் 1920இல் ஆல்பர்ட் ஹில் மட்டுமே.

2005இல் ‘டேம்’ பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டு இறுதியில் ஓய்வை அறிவித்தார்.