ரோஸ் ஹால் கல்யாணத்துக்குக் கிளம்பும் முன்

ஜமைக்காவுல ஃப்ரெண்டுக்கு டெஸ்டினேஷன் வெட்டிங்னு இன்விடேஷன் வந்தா, முதல்ல தேதியைப் பாருங்க. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்க புயல் சீசன். 1988 செப்டம்பர் 12-ல் கில்பர்ட் புயல் அந்தத் தீவையே குறுக்கே கடந்து போச்சு. அதனால தேதி மாத்துற வசதியுள்ள டிக்கெட்டா எடுங்க. அமெரிக்கா வழியா போனா, ஃப்ளைட் மாறுறதுக்குக்கூட இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும்.

அடுத்தது இடம். மான்டெகோ பே பக்கத்துல இருக்கிற ரோஸ் ஹால், 1770-கள்ல கட்டின கரும்புத் தோட்ட மாளிகை. இன்னைக்கு அங்க கல்யாணங்கள் நடக்குது. டூர் போனா ஆனி பாமர்ங்கிற 'வெள்ளைச் சூனியக்காரி' கதையைச் சொல்வாங்க. அது கட்டுக்கதை. நிஜமா அங்க கஷ்டப்பட்டது, கரும்பு வெட்டிய ஆப்பிரிக்க அடிமைகள். அவங்க ஜோடி சேர்ந்து வாழ்ந்தாலும், நீண்ட காலம் அந்த உறவுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. கணவனையும் மனைவியையும் முதலாளி தனித்தனியா வித்துடலாம். முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1-ல்தான் வந்தது.

கல்யாணத்துக்குப் போகாதீங்கன்னு சொல்லலை. ஒரு நாள் முன்னாடியே போய் டூர் எடுங்க. பேய்க்கதை முடிஞ்சதும், "இங்க வேலை செஞ்சவங்க எங்க குடியிருந்தாங்க?"ன்னு கைடுகிட்ட கேளுங்க. மறுநாள் எந்த மண்ணுல நின்னு வாழ்த்துறோம்னு தெரிஞ்சே வாழ்த்தலாம்.