நோய்ப் படுக்கையில் இசை

போரில் புண்பட்ட மறவனொருவன் தன் மனையிற் கிடக்கிறான். இரவமரத் தழையும் வேப்பிலையும் வீட்டிற் செருகப்பட்டிருக்கின்றன. மகளிர் வெண்சிறுகடுகு தூவுகின்றனர்; நறும்புகை எழுப்புகின்றனர். யாழும் பிற கருவிகளும் முழங்குகின்றன; ஆம்பற்குழல் ஊதப்படுகிறது; மணி ஒலிக்கிறது; காஞ்சிப் பண் பாடப்படுகிறது. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாட்டுக் காட்டும் காட்சி இது. ஆங்கில வழியிற் கற்ற நாம் இதனை முப்பது வயதுக்கு மேற்றான் படித்தோம். நோயாளியின் அருகே பாட்டு வேண்டும் என்பதைப் பிறர் வந்து நமக்குச் சொல்லவேண்டியதில்லை என்னும் பெருமிதம் அப்போது நம் நெஞ்சில் எழுந்தது.

ஆயினும் பெருமிதத்தோடு நின்றுவிடுதல் அறிவுடைமையாகாது. அவ்விசை எதன் பொருட்டு? புண்பட்டவனைப் பேய் தீண்டாதிருத்தற் பொருட்டு என்பது அக்கால நம்பிக்கை. அவ்விசை யாருக்கு? அப்பாட்டிலே அதனைப் பெற்றவன் போர் மறவன். எதன் பொருட்டு, யாருக்கு என்னும் இவ்விரு வினாக்களையுங் கைவிளக்காகக் கொண்டால், மருத்துவமனை இசையின் வரலாறு முழுதும் தெளிவாகும்.

துருக்கி நாட்டு எதிர்னே நகரில் இரண்டாம் பாயசித் என்னும் சுல்தான் எழுப்பிய மருத்துவமனை 1488இல் முடிவுற்றது. பதினேழாம் நூற்றாண்டில் அதனைக் கண்ட எவ்லியா செலெபி என்னும் யாத்திரிகர், பாடுவோர் மூவரும் கருவி இசைப்போர் எழுவருமாகப் பதின்மர் வாரத்தில் மும்முறை அங்கே நோயாளிகளுக்கும் சித்தங் கலங்கியோர்க்கும் இசைத்தனர் என்று எழுதிவைத்தார். சுல்தானின் கொடையிருந்தது, ஆதலால் இசையும் இருந்தது. நம் நாட்டிலோ, தம்பியப்பன் என்னும் சீடரின் வயிற்றுநோய் தீர முத்துசாமி தீட்சிதர் கிரகங்களைப் பாடினார் என்று கர்ணபரம்பரைக் கதையொன்று வழங்குகிறது. பேய் இருந்த இடத்தில் கிரகம் வந்து அமர்ந்தது, அவ்வளவே மாற்றம்.

கண்ணாற் கண்டு கருத்தால் ஆராயும் வழியைத் தொடங்கியவருள் ஒருவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். செவிலிப் பணியைப் பற்றி அவர் 1859இல் வெளியிட்ட நூலில், குழலும் மனிதக் குரலும் நீண்டொலிக்கும் நரம்புக் கருவிகளும் நோயாளிக்கு நலஞ்செய்கின்றன என்றும், ஒலி விட்டுவிட்டுத் தெறிக்கும் பியானோ போன்றவை மாறாகத் துன்பந் தருகின்றன என்றும் குறித்தார். பேயுமில்லை, கிரகமுமில்லை, நோயாளியின் முகமே அவருக்குச் சான்று. ஆனால் இசைக்கு ஆகும் செலவு பெரிது. ஆகவே அதனை எல்லார்க்கும் வழங்கல் இயலாது என்றும் அவரே ஒப்புக்கொண்டார். 1891இல் ஹார்போர்டு என்னும் பாதிரியார் லண்டனில் செசீலியா சங்கத்தை நிறுவி, மென்மையாகப் பாடுவோரையும் இசைப்போரையும் மருத்துவமனைகளுக்கு அனுப்ப முயன்றார். தொலைபேசிக் கம்பி வழியே நோயாளிகளுக்கு இசை அனுப்பலாமென்றும் அவர் எண்ணினார். அவ்வெண்ணம் காலத்துக்கு முந்தியது.

செலவென்னும் தடையைத் தகர்த்தது இயந்திரம். எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டார். 1914இல் அமெரிக்க ரண சிகிச்சை வைத்தியர் இவான் கேன், அறுவைக் கூடத்தில் கிராமபோன் வைத்து நோயாளியின் அச்சத்தைத் தணிப்பதாக மருத்துவ இதழில் எழுதினார். (1921இல் தம் குடல்வாலைத் தாமே அறுத்தெடுத்துப் பெயர்பெற்றவர் இவரே.) 1925இல் இங்கிலாந்தின் யார்க் நகர மருத்துவமனையில் செவிக்கருவிகளும் ஒலிபெருக்கிகளும் அமைத்து நோயாளிகளுக்கு ஒலிபரப்புத் தொடங்கினர். படுத்துக் கிடந்த ஏழையும் பாட்டுக் கேட்டான்.

நிற்க. அதே ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கிலே பால் மரஞ் சீவிய நம் முன்னோர் நிலை யாது? தோட்ட ஆஸ்பத்திரி அமைக்க வேண்டுமென்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. சட்டம் கட்டிலைப் பேசியது, மருந்தைப் பேசியது, டிரசரைப் பேசியது, பாட்டைப் பேசவில்லை. அங்கே தொழிலாளி, விரைவிற் பழுதுபார்த்து வேலைக்குத் திருப்பவேண்டிய ஒரு கருவி. கருவிக்குக் காது எதற்கு? 1946இல் மலாயா வானொலி தோன்றியது. பின்னர்த் தமிழ்ப் பாட்டு லயங்களை எட்டியது. இன்று பூச்சோங்கில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த இடங்களில் அடுக்குவீடுகள் நிற்கின்றன. தோட்டம் போயிற்று, தோட்டத்து முதியோர் நகர மருத்துவமனைகளின் கட்டில்களில் இருக்கின்றனர்.

அவருள் ஒருவர் நம் பாட்டி. அவர் கிடந்த வார்டில் தொலைக்காட்சியொன்று அவர் அறியாத மொழியில் பகலெல்லாம் அலறிக்கொண்டிருந்தது. அதனை அணைக்கச் சொல்லியும் அணைப்பாரில்லை. மூன்றாம் நாள் மாலை நாம் நம் கைப்பேசியில் பழைய தாலாட்டொன்றை மெல்ல ஒலிக்கச்செய்து, செவிக்கருவியை அவர் காதில் வைத்தோம். யாரையும் அடையாளங் காணாதிருந்த அவருடைய விரல் போர்வையின் மேல் தாளமிட்டது. அவர் பிழைக்கவில்லை, பாட்டுப் பிழைப்பிக்கும் என்று நாம் எண்ணவுமில்லை. எனினும் அவ்வொரு மணிநேரம் அவர் நோயாளியாக இல்லை; நம் பாட்டியாக இருந்தார். தொழிலாளரின் மருத்துவ விடுப்புச் சீட்டுகளை எண்ணிப் பதிவது நம் கிராணி வேலையின் ஒரு பகுதி. அப்பதிவேட்டில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

இதனை வெறும் உணர்ச்சியென்று தள்ளுவோர்க்கு ஒன்று சொல்வோம். 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, ஏறத்தாழ 7,000 நோயாளிகளைக் கொண்ட 73 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்தது. அறுவைச் சிகிச்சை பெற்றோர்க்கு இசை வலியைக் குறைத்தது, அச்சத்தைக் குறைத்தது, வலிநீக்கும் மருந்தின் தேவையையும் குறைத்தது. மருத்துவமனையிற் கிடக்கும் நாளை மட்டும் குறைக்கவில்லை. இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று பட்டியலிட்டுப் பணம் பறிப்போர் இந்த எல்லையை அறிதல் நலம். இசை மருந்தன்று, நோயாளிக்குத் துணை.

ஆகவே, அன்பர்காள், நாம் வேண்டுவது பெரிதன்று. மருத்துவமனைக் கட்டில்தோறும் ஒரு செவிக்கருவி. எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு. திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டும் நம் சங்கங்கள் திங்களுக்கொருமுறை, மருத்துவர் இசைவோடு, ஒரு குழலையும் ஒரு நல்ல குரலையும் வார்டுக்கு அனுப்புதல். அரிசில்கிழார் காலத்து மகளிர் பேயை அஞ்சிப் பாடினர். அவ்வச்சம் போகட்டும். புண்பட்டவனைத் தனியே விடாத அவ்வன்பு நம்மிடம் நிற்கட்டும். மறவனுக்கு மட்டுமன்றி, மரஞ் சீவியவளுக்கும் அது கிட்டட்டும்.