மார்கரெட் ரூதர்ஃபோர்ட்: மெட்ராஸில் தாயை இழந்து, 71 வயதில் ஆஸ்கர் வென்ற நகைச்சுவை நடிகை

பிரிட்டிஷ் திரையுலகின் குணச்சித்திர நகைச்சுவை நடிகையருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் மார்கரெட் ரூதர்ஃபோர்ட். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாக 1960களில் உலகெங்கும் அறியப்பட்டவர். அசையும் தாடையும், உருளும் கண்களும், தோளில் புரளும் மேலங்கியும், படைத்தளபதிக்குரிய நடையும் அவரது அடையாளங்கள். பார்வையாளர்கள் வயிறு குலுங்கச் சிரித்த இடங்களில்கூட அவர் ஒருபோதும் சிரிப்பூட்ட முயன்றதாகத் தெரியாது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நெடுங்காலம் மறைத்து வைக்கப்பட்ட குடும்பத் துயரம் ஒன்று இருந்தது. அதன் ஓர் அத்தியாயம் அன்றைய மெட்ராஸில் நிகழ்ந்தது.

மறைக்கப்பட்ட குடும்ப வரலாறு

மார்கரெட் 1892ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி லண்டனின் பால்ஹாம் பகுதியில் பிறந்தார். தந்தை வில்லியம் ரூதர்ஃபோர்ட் பென், தாய் ஃபுளோரன்ஸ் நிக்கல்சன். திருமணமான சில மாதங்களிலேயே மனநலம் குன்றிய வில்லியம், 1883ஆம் ஆண்டு டெர்பிஷயரின் மேட்லாக் நகரில், கிறித்தவப் போதகரான தம் தந்தை ஜூலியஸ் பென்னை அடித்துக் கொன்றார். குற்றம் புரிந்த மனநோயாளிகளுக்கான பிராட்மூர் மருத்துவமனையில் அடைக்கப்பட்ட அவர், ஏழாண்டுகளுக்குப் பின் விடுவிக்கப்பட்டார். பென் என்ற குடும்பப் பெயரைத் துறந்து, ரூதர்ஃபோர்ட் என்ற நடுப்பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டு மனைவியுடன் மீண்டும் வாழத் தொடங்கினார். அந்த வாழ்வில் பிறந்த ஒரே மகள்தான் மார்கரெட்.

பழைய நினைவுகள் தொடராத இடம் தேடி, கைக்குழந்தையுடன் அத்தம்பதியர் மெட்ராஸுக்குக் கப்பலேறினர். ஆனால் அமைதி கிட்டவில்லை. மார்கரெட்டுக்கு மூன்று வயதானபோது, மீண்டும் கருவுற்றிருந்த தாய் ஃபுளோரன்ஸ் இந்நகரிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, விம்பிள்டனில் தாயின் சகோதரி பெஸ்ஸி நிக்கல்சனிடம் வளர்ந்தது.

தந்தை இறந்துவிட்டார் என்றே சிறுமியிடம் சொல்லி வைத்திருந்தனர். உண்மையில் அவர் நோய் முற்றி மீண்டும் பிராட்மூருக்கே கொண்டுசெல்லப்பட்டிருந்தார். 1921ஆம் ஆண்டு அங்கேயே காலமானார். தந்தை உயிருடன் இருக்கிறார், கொலை செய்தவர் என்ற செய்தி பதின்ம வயதின் தொடக்கத்தில் மார்கரெட்டை எட்டியது. அந்நோய் தம்மையும் பற்றிக்கொள்ளுமோ என்ற அச்சம் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. கடும் மனச்சோர்வு அவ்வப்போது அவரைத் தாக்கியதும், அதற்காக அவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றதும் பின்னாளில் வெளியான வாழ்க்கை வரலாறுகளில் பதிவாகியுள்ளன. பிரிட்டன் தொழிற்கட்சித் தலைவர்களுள் ஒருவரான டோனி பென், மார்கரெட்டின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். வில்லியமின் சகோதரர் ஜான் பென்னின் பேரன்.

முப்பத்து மூன்று வயதில் முதல் மேடை

நடிப்புக் கனவு இருந்தும், இளமை முழுவதும் பியானோவும் பேச்சுப் பயிற்சியும் கற்பித்தே மார்கரெட் காலம் கழித்தார். பெஸ்ஸி விட்டுச் சென்ற சிறு சொத்துதான் கனவைத் தொட வழி திறந்தது. 1925ஆம் ஆண்டு, தம் 33ஆம் வயதில், லண்டனின் ஓல்ட் விக் அரங்கில் பயிற்சி நடிகையாகச் சேர்ந்தார். கதாநாயகியருக்கு அந்த வயதில் ஓய்வு கொடுத்துவிடும் தொழில் அது. ஒரு பருவம் முடிந்ததும் அவரையும் அந்த அரங்கம் தக்கவைத்துக்கொள்ளவில்லை. மீண்டும் பியானோ வகுப்புகள். பின்னர் ஹாமர்ஸ்மித் லிரிக் அரங்கில் மாற்று நடிகை. அதன் பின் வெளியூர் நாடகக் குழுக்களில் வாரத்துக்கொரு வேடம்.

ஆக்ஸ்ஃபோர்டு நகரில் அப்படி நடித்துக்கொண்டிருந்த 1930ஆம் ஆண்டில்தான் நடிகர் ஸ்டிரிங்கர் டேவிஸைச் சந்தித்தார். டேவிஸின் தாய்க்கு இந்த உறவில் விருப்பமில்லை. அந்த அம்மையார் மறைந்த பின்னரே, 1945ஆம் ஆண்டு இருவரும் மணமுடித்தனர். மணமகளுக்கு அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அதன் பின் மனைவி நடித்த படங்கள் பலவற்றில் டேவிஸுக்கும் ஒரு சிறு வேடம் இருந்தது. மார்ப்பிள் படங்களில் கூடவே வரும் கூச்ச சுபாவமுள்ள நூலகர் 'மிஸ்டர் ஸ்டிரிங்கர்' அவர்தான். மூல நாவல்களில் அப்படியொரு பாத்திரமே கிடையாது.

1938ஆம் ஆண்டு ஜான் கீல்குட் இயக்கிய 'ஸ்பிரிங் மீட்டிங்' நாடகத்தில், இரகசியமாகக் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் முதிர்கன்னி பிஜூவாக நடித்ததே அவருக்கு முதல் பெரும் வெற்றி. மறு ஆண்டே ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தில் ஆசிரியை மிஸ் பிரிசம் ஆனார். 1947ஆம் ஆண்டு நியூயார்க்கில் அதே நாடகத்தின் லேடி பிராக்னெல் வேடமும், 1952ஆம் ஆண்டு ஆண்டனி அஸ்க்வித்தின் திரைவடிவில் மீண்டும் மிஸ் பிரிசம் வேடமும் அவரைத் தேடி வந்தன.

இடையில் 1940ஆம் ஆண்டு 'ரெபெக்கா' நாடகத்தில், எஜமானியை மிரட்டி ஒடுக்கும் பணிப்பெண் மிஸஸ் டான்வர்ஸாக அவர் நடித்ததைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டு குவீன்ஸ் அரங்கத்தைச் சிதைத்ததால் அந்நாடகம் பாதியில் நின்றது. அச்சுறுத்தவும் வல்லவர் அவர் என்பதற்கு அந்த வேடமே சான்று.

ஆவிகளுடன் பேசியவர்

1941ஆம் ஆண்டு நோயல் கவர்டு எழுதிய 'பிளைத் ஸ்பிரிட்' அவரது பெயரை நிலைநிறுத்தியது. இறந்த முதல் மனைவியின் ஆவியை எதிர்பாராமல் வீட்டுக்குள் அழைத்துவிடும் மேடம் அர்காட்டி என்னும் பாத்திரம் அது. மிதிவண்டியில் வந்திறங்கி, வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை ருசித்தபடியே மறுவுலகைப் பற்றிப் பேசும் பெண்மணி. வேறொரு நடிகை என்றால் போலிச் சாமியாரைப்போல் நடித்துக் கைதட்டல் வாங்கியிருப்பார். ஆவி உலகத்தில் உண்மையான மதிப்பு வைத்திருந்த மார்கரெட்டோ, அத்தகையோரைக் கேலிக்கு ஆளாக்கிவிடுமோ என்று அந்த வேடத்தை ஏற்கவே முதலில் தயங்கினார். ஏற்றபின் அர்காட்டியை முழு நம்பிக்கையுள்ள, தம் தொழிலில் கண்ணும் கருத்துமான பெண்ணாகவே காட்டினார். சிரிப்பு அங்கிருந்துதான் பிறந்தது. அந்த நாடகம் லண்டனில் 1,997 முறை தொடர்ந்து மேடையேறியது. 1945ஆம் ஆண்டு டேவிட் லீன் அதைப் படமாக்கியபோது அர்காட்டி வேடத்துக்கு வேறு பெயர் தேடவேண்டிய தேவை எழவில்லை.

போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களில் அவர் தொடர்ந்து தோன்றினார். 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ' (1949) படத்தில், லண்டனின் ஒரு பகுதி சட்டப்படி பர்கண்டி நாட்டுக்கே உரியது என்று ஆவணத்துடன் நிறுவும் வரலாற்றுப் பேராசிரியை. 'தி ஹாப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்' (1950) படத்தில், அரசு அலுவலகத்தின் தவறால் ஆண்கள் பள்ளிக்குள் தம் மாணவியருடன் வந்து இறங்கும் தலைமையாசிரியை. அவருக்கு எதிர்நிற்கும் தலைமையாசிரியராக அலஸ்டர் சிம். இருவரும் ஒருவரையொருவர் விழுங்கிவிடுவதுபோல் பார்த்துக்கொள்ளும் காட்சிகளுக்காகவே அப்படத்தை இன்றும் பார்க்கலாம்.

அதிகம் பேசப்படாத ஒரு படத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்' (1957) படத்தில், இடிந்து விழும் நிலையிலுள்ள பழைய திரையரங்கில் டிக்கெட் கொடுக்கும் மிஸஸ் ஃபசாக்கலியாக வருகிறார். பேசாப்படக் காலத்தில் அதே அரங்கில் பியானோ வாசித்தவர் அந்த மூதாட்டி. ஆளில்லாத இரவொன்றில் பழைய மௌனப் படம் ஓட, ஆபரேட்டராக வரும் பீட்டர் செல்லர்ஸும் வாயிற்காவலராக வரும் பெர்னார்ட் மைல்ஸும் மெய்மறந்திருக்க, திரையைப் பார்த்தபடியே அவர் பியானோ வாசிக்கிறார். நகைச்சுவைப் படம் சில நிமிடங்கள் மௌனமாகி, கண் கலங்க வைத்துவிடுகிறது.

மிஸ் மார்ப்பிள்

கொலைக் கதைகளில் நடிக்க மார்கரெட்டுக்கு நெடுநாள் விருப்பமில்லை. அவரது குடும்ப வரலாறு அறிந்தோருக்கு அந்தத் தயக்கம் வியப்பளிக்காது. இயக்குநர் ஜார்ஜ் பொல்லாக் எடுத்துச் சொன்ன பின்னரே, தம் 68ஆம் வயதையொட்டி மிஸ் மார்ப்பிள் வேடத்துக்கு இசைந்தார்.

1961ஆம் ஆண்டு வெளியான 'மர்டர், ஷீ செட்' படத்தைத் தொடர்ந்து 'மர்டர் அட் தி கேலப்', 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்', 'மர்டர் அஹாய்' ஆகிய மூன்று படங்கள் வந்தன. கிறிஸ்டி படைத்த மார்ப்பிள், பின்னல் ஊசியுடன் மூலையில் அமர்ந்து உலகைக் கவனிக்கும் மெலிந்த மூதாட்டி. மார்கரெட்டின் மார்ப்பிள் வேறு பிறவி. பணிப்பெண் வேடமிட்டு மாளிகைக்குள் நுழைகிறார், குதிரை ஏறுகிறார், ட்விஸ்ட் நடனம் ஆடுகிறார், கப்பலில் கொலைகாரனுடன் வாள்போர் புரிகிறார். இரண்டாவது, மூன்றாவது படங்களின் மூலக் கதைகள் மார்ப்பிள் கதைகளே அல்ல. பொய்ரோ துப்பறியும் நாவல்கள். நான்காவது படம் எந்த நாவலையும் தழுவாதது. முதல் படத்தின் மூலமான '4.50 ஃப்ரம் பேடிங்டன்' நாவலில் கொலை நடந்த மாளிகையின் பெயரே 'ரூதர்ஃபோர்ட் ஹால்' என்பது வேடிக்கையான பொருத்தம். படத்தில் அப்பெயர் மாற்றப்பட்டுவிட்டது.

தம் கதைகள் இவ்வாறு சிதைக்கப்பட்டதில் கிறிஸ்டிக்கு மனக்குறை உண்டு. ஆனால் நடிகையிடம் அவருக்குக் கோபமில்லை. 1962ஆம் ஆண்டு வெளியான 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்' என்ற மார்ப்பிள் நாவலை மார்கரெட்டுக்கே அவர் காணிக்கையாக்கினார். 'மர்டர், ஷீ செட்' படத்தில் வீட்டு வேலைக்கு வரும் மிஸஸ் கிடராகச் சிறு வேடத்தில் தோன்றிய ஜோன் ஹிக்சன், பின்னாளில் பிபிசி தொடரில் மிஸ் மார்ப்பிளாகப் பெரும்புகழ் பெற்றார். நாவலுக்கு நெருக்கமான மார்ப்பிள் ஹிக்சன்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மார்கரெட்டின் மார்ப்பிளை விரும்பும் கூட்டம் இன்றளவும் குறையவில்லை.

எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்டனும் நாயக, நாயகியராக நடித்த 'தி வி.ஐ.பி.ஸ்' (1963) படத்தில், மூடுபனியால் லண்டன் விமான நிலையத்தில் சிக்கிக்கொள்ளும் பிரைட்டன் சீமாட்டி வேடம் அவருக்கு. பரம்பரை மாளிகையைக் காப்பாற்ற அமெரிக்க விடுதியொன்றில் வேலைக்குப் புறப்பட்ட மூதாட்டி. அதற்காக 1964ஆம் ஆண்டு, 71 வயதில், சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். கோல்டன் குளோப் விருதும் உடன் வந்தது. ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'சைம்ஸ் அட் மிட்நைட்' (1965) படத்தில், ஃபால்ஸ்டாஃப் இறந்த விதத்தை மிஸ்ட்ரஸ் குவிக்லியாக அவர் விவரிக்கும் காட்சியில் நகைச்சுவையின் சுவடே இல்லை. 1967ஆம் ஆண்டு சார்லி சாப்ளினின் கடைசிப் படமான 'எ கவுண்டஸ் ஃப்ரம் ஹாங்காங்'கிலும் சிறு வேடமேற்றார். அதே ஆண்டு அவருக்கு டேம் பட்டம் வழங்கப்பட்டது.

அதன் பின் முதுமையும் நினைவிழப்பும் அவரை மேடையிலிருந்து விலக்கின. உடனிருந்து பராமரித்தவர் ஸ்டிரிங்கர் டேவிஸ். 1972ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி, பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள தம் இல்லத்தில் மார்கரெட் காலமானார். அதற்கு 11 நாள்களுக்கு முன்புதான் அவருக்கு 80 வயது நிறைவடைந்திருந்தது. மறு ஆண்டே டேவிஸும் மறைந்தார். ஜெராட்ஸ் கிராஸ் ஊரின் புனித ஜேம்ஸ் தேவாலய வளாகத்தில் மார்கரெட் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவரது கல்லறைக் கல்லில் 'பிளைத் ஸ்பிரிட்' என்ற சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன.